பன்னிரண்டுக்கும் முப்பதுக்கும் நடுவே

2008-ஆம் ஆண்டு தமிழக அரசு 'இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கியது. பள்ளிக்கூடங்களில் பரிசோதனை செய்து, இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்து, அரசுச் செலவில் அறுவை சிகிச்சைக்கு அனுப்பும் திட்டம். மறு ஆண்டே காப்பீட்டுத் திட்டமும் வந்துவிட்டதால், கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கும் இருதய அறுவை சிகிச்சை எட்டும் காரியமானது. அப்போது நான்கைந்து வயதில் மேசையில் படுத்த பிள்ளைகள் இன்று இருபதுகளின் முதற்பாதியில் இருக்கிறார்கள். யாரோ சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போகிறார், யாரோ திருச்சியில் படிக்கிறார், யாருக்கோ வீட்டில் வரன் பார்க்கிறார்கள். இருதயம் மட்டுமல்ல, இன்சுலின் போட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள், வலிப்புக்கு மாத்திரை எடுத்துக்கொண்டே பிளஸ் டூ முடித்தவர்கள், சிறுநீரகக் கோளாறோடு பெரியவர்களானவர்கள் எனப் பலர் இருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் இவர்களில் பலர் இந்த வயதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். மருத்துவம் ஜெயித்ததால் உருவான கூட்டம் இது. ஆனால் இவர்களை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. குழந்தை மருத்துவருக்கும் பெரியவர்களுக்கான மருத்துவருக்கும் இடையே இவர்கள் நழுவிப்போவதற்கு மருத்துவ அறிவில் உள்ள குறை காரணமல்ல, அந்த இடைவெளிக்கு யாரும் பொறுப்பாளர் இல்லாததுதான் காரணம் என்பது என் வாதம். பெரம்பலூர், அரியலூர் போன்ற சின்ன மாவட்டங்களில் இதைச் சென்னையைவிடச் சீக்கிரமாகச் சரிசெய்ய முடியும் என்றும் சொல்வேன்.

முதலில் வயதுக் கணக்கைப் பார்த்துவிடலாம். நம் அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு வழக்கமாக 12 வயதோடு முடிந்துவிடுகிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இதே கணக்கில்தான் நடக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமோ 18 வயதுவரை குழந்தை மருத்துவத்தின் எல்லை என்கிறது. மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமும் பிறப்பு முதல் 18 வயதுவரை என்றுதான் வகுத்திருக்கிறது. அதன் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து, பிறவி இருதயக் கோளாறு, வாதக் காய்ச்சலால் வரும் இருதய நோய், வலிப்பு உள்ளிட்ட 30 வகைக் குறைபாடுகளைத் தேடுகின்றன. பள்ளியை விட்டால் இந்தக் குழுவின் கண்ணுக்கு அப்பால் போயாகிவிட்டது. அதற்குப் பிறகு அரசு தானாக ஒருவரைத் தேடி வருவது, தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டப்படி, 30 வயதில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' உண்மையிலேயே வீட்டு வாசலுக்கு மாத்திரையைக் கொண்டுவந்த நல்ல திட்டம்; ஆனால் அதன் அடிப்படை வடிவம் பிரஷரும் சர்க்கரையும் வந்த நடுவயதினரையும் வயதானவர்களையும் மனத்தில் வைத்து வரையப்பட்டது. ஆக, படுக்கை ஒதுக்குவதில் 12-இல் ஒரு கோடு, திட்டத்தில் 18-இல் ஒரு கோடு, மறுபடி 30-இல் ஒரு கோடு. நாள்பட்ட நோயோடு வளரும் ஒருவர் இந்த மூன்றையும் தாமாகவே தாண்ட வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் நடப்பது இதைவிடக் குழப்பமானது. பரிவுள்ள குழந்தை மருத்துவர் தமக்குப் பழகிய நோயாளியை 12 முடிந்ததும் விரட்டுவதில்லை. 15, 16 வயதுவரைகூடப் பார்க்கிறார். ஆனால் அது சலுகை, ஏற்பாடு அல்ல. அதனால் மாறும் நாளை யாரும் குறிப்பதில்லை. ஒருநாள் ராத்திரி மூச்சு வாங்கிக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு பையன் அவசரப் பிரிவுக்கு வருகிறான். வயதைப் பார்த்து ஆண்கள் வார்டில் சேர்க்கிறார்கள். அன்றோடு அவன் பெரியவர்களின் நோயாளி ஆகிவிட்டான். அங்கே இருக்கும் மருத்துவருக்கு அவனுடைய பத்து வருட வரலாறு தெரியாது. அவனுக்கும் சொல்லத் தெரியாது, ஏனென்றால் இதுநாள்வரை சொன்னது அம்மா.

இந்த மாற்றம் வந்து விழும் வயதும் பொல்லாதது. உடலே எதிராக நிற்கும் காலம் அது. பருவமடையும்போது சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகிறது. அதற்கு முன் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.7 முதல் 1 யூனிட் வரை போதுமாக இருந்த பிள்ளைக்குப் பருவ வயதில் 1.2 யூனிட்டுக்கு மேலும் தேவைப்படலாம். அதே ஊசி, அதே சோறு, ஆனால் சர்க்கரை ஏறுகிறது. வீட்டில் 'திருட்டுத்தனமாக எதையோ தின்கிறான்' என்று திட்டு விழுகிறது. மூளையில் முன்யோசனைக்கும் சுயக்கட்டுப்பாட்டுக்கும் பொறுப்பான முன்பகுதி முழுமையாக முதிர்வது இருபதுகளின் நடுவில்தான். அமெரிக்காவில் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கான ஒரு பெரிய பதிவேட்டில் 2016 முதல் 2018 வரையிலான விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு ஐந்து வயதில் 8.1 சதவீதம், 15 முதல் 18 வயதில் 9.3 சதவீதமாக உச்சம் தொடுகிறது. 28 வயதில் 8-க்கு இறங்குகிறது. இன்சுலின் பம்ப்பும், சர்க்கரையை ஓயாமல் அளக்கும் கருவிகளும் பலருக்கும் எட்டும் நாட்டிலேயே கதை இது.

அப்படியானால் விட்டுவிடலாமே, 28 வயதில் தானாகச் சரியாகிவிடும் என்று ஒருவர் கேட்கலாம். ஆகாது. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த நீரிழிவு ஆய்வு ஒன்றில் ஒரு சாராருக்குத் தீவிரக் கட்டுப்பாடும் மறு சாராருக்கு அக்கால வழக்கப்படியான சிகிச்சையும் தரப்பட்டன. ஆய்வு முடிந்தபின் இரு சாராரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனால் கண்ணிலும் சிறுநீரகத்திலும் பாதிப்பு, முன்பு கட்டுப்பாடு தளர்ந்திருந்தவர்களுக்கே பல ஆண்டுகள் கழித்தும் கூடுதலாக வந்தது. உடல் பழைய சர்க்கரையை மறப்பதில்லை. பதினைந்திலிருந்து இருபத்தைந்துவரை கவனிப்பாரின்றி விட்ட பத்தாண்டுக்கான விலையை நாற்பதில் டயாலிசிஸ் பிரிவிலோ கண் மருத்துவமனையிலோ கொடுக்க வேண்டிவரும். அந்தச் செலவும் பெரும்பாலும் அரசின் கணக்கில்தான் வந்து சேரும்.

இடைவெளியில் என்னென்ன தொலைகின்றன என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். நம் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் குப்பி பெரும்பாலும் யு-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. தனியாரிடம் வாங்கும் பேனா ஊசிகளில் இருப்பது யு-100, ஒரு மில்லியில் 100 யூனிட். அந்த அளவுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 20 யூனிட் போட வேண்டிய ஒருவர் அரசுக் குப்பி மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். மாறாக, யு-100 மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் 50 யூனிட். மயங்கி விழுவதற்குப் போதும். பள்ளிக் காலத்தில் ஓரிடத்தில் பேனா வாங்கி, கல்லூரி வந்தபின் இன்னோரிடத்தில் குப்பி வாங்கும் இளைஞருக்கு இந்த வித்தியாசத்தை யாராவது ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் 'இன்சுலின் 20' என்று மட்டும்தான் எழுதியிருக்கும். இன்னொன்று: பெரியவர்களின் சர்க்கரை நோய்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் இரண்டாம் வகையினர். ஒருவேளை சாப்பிடாவிட்டால் ஊசியைத் தள்ளிப்போடலாம் என்று வரிசையில் பக்கத்தில் இருக்கும் பெரியவர் சொல்வது அவருக்கு ஓரளவு பொருந்தலாம். முதல் வகைக்காரருக்கு அது ஆபத்து. அவருடைய உடலில் சொந்த இன்சுலின் கிட்டத்தட்ட இல்லை. காய்ச்சல் வந்து சோறு இறங்காவிட்டாலும் அடிப்படை ஊசியை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஓரிரு நாளில் ரத்தம் அமிலமாகி உயிருக்கே வினையாகிவிடும்.

இருதயத்துக்கு வருவோம். ஊரில் எல்லோரும் சொல்வது 'ஓட்டையை அடைச்சாச்சு' என்பதுதான். சில எளிய கோளாறுகளுக்கு அது சரி. ஆனால் குழந்தையை நீலம் பாரிக்க வைக்கும் 'ஃபாலோ' வகைக் கோளாறில் ஓட்டையை அடைப்பதோடு நுரையீரலுக்குப் போகும் பாதையின் அடைப்பையும் வெட்டி அகலப்படுத்துகிறார்கள். அதில் அங்குள்ள வால்வு பெரும்பாலும் கசியத் தொடங்குகிறது. பத்து, இருபது ஆண்டுகளுக்கு அது ஒரு தொந்தரவும் தராது. வலது கீழறை மட்டும் ஓசையில்லாமல் பெருத்துக்கொண்டே போகும். மூச்சுத் திணறலோ தாறுமாறான துடிப்போ தலைகாட்டும்போது, புது வால்வு வைக்க வேண்டிய சரியான நேரம் தாண்டியிருக்கலாம். ஆகவேதான் நன்றாக இருப்பதாக நினைக்கும்போதே அவர்கள் ஆயுள் முழுக்க எக்கோ எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். 2008-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகள் இப்போது சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. நோயின் கடுமையைப் பொறுத்து 18 வயதுவரையோ, 25 வயதுவரையோ, ஆயுளுக்குமோ அது தொடர வேண்டும். வலிக்கும் ஊசி. ஒவ்வாமைக்குப் பயந்து போட மறுக்கும் இடங்களும் உண்டு. குழந்தைகள் பிரிவில் பழகிய நர்ஸ் போட்டுவந்த ஊசியை, வேலைக்குப் போன ஊரில் முன்பின் தெரியாத இடத்தில் கேட்டு வாங்கும் சாமர்த்தியம் 19 வயதில் எத்தனை பேருக்கு இருக்கும்?

வலிப்பு நோயும் பெண்பிள்ளைகளும் என்று வரும்போது விஷயம் இன்னும் கூர்மையாகிறது. சிறு வயதில் நல்ல பலன் தந்த வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவுற்ற காலத்தில் தொடர்ந்தால், ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவி ஊனம் வருகிறது. பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியிலோ பேச்சிலோ பின்னடைவு வருகிறது. குழந்தையின் தண்டுவடக் குழாய் மூடிக்கொள்வது கருவுற்ற 28 நாளுக்குள். நாள் தள்ளிப்போனதையே பலர் உணராத காலம் அது. கர்ப்பம் தெரிந்து, கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவுசெய்து, இரும்புச்சத்து மாத்திரை வாங்கும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும். பயந்துபோய் வலிப்பு மாத்திரையைத் திடுமென நிறுத்துவதும் தவறு. வலிப்பு திரும்ப வந்து தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும். ஆகவே மருந்தை மாற்றலாமா என்ற பேச்சு 15, 16 வயதிலேயே நடந்திருக்க வேண்டும். குழந்தை மருத்துவர் 'இன்னும் சின்னப் பெண்தானே' என்று பேசாமல் விடுகிறார்; பெரியவர்களின் மருத்துவர் 'இத்தனை வருடமாக நன்றாக இருக்கிறதே' என்று அதே சீட்டைத் தொடர்கிறார். இருவரும் தத்தம் அளவில் தவறு செய்யவில்லை. பேச வேண்டிய பேச்சு இருவருக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

இது நம் ஊருக்கு மட்டுமான நோய் அல்ல. இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு பலரைத் திடுக்கிட வைத்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்று, குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறிய 20 பேரில் 8 பேரின் சிறுநீரகம் மூன்று ஆண்டுக்குள் செயலிழந்தது. அதில் 7 எதிர்பாராதவை. கனடாவில் சிக்கலான பிறவி இருதயக் கோளாறு உள்ள 360 பேரைத் தேடிப் பார்த்தபோது முறையாகப் பெரியவர்களுக்கான மையத்தைச் சேர்ந்திருந்தவர்கள் 47 சதவீதம்தான் என 2004-இல் தெரியவந்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மாற்று வழியைச் செய்து பார்த்தார்கள். குழந்தைச் சிறுநீரக மருத்துவரும் பெரியவர்களின் சிறுநீரக மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து இளைஞர்களைப் பார்க்கும் மருத்துவ முகாம் அது. அதற்கு முன் நேரடியாக மாற்றப்பட்ட 9 பேரில் 6 பேரின் மாற்றுச் சிறுநீரகம் போயிற்று. கூட்டு ஏற்பாட்டின் வழியே வந்த 12 பேரில் ஒருவருக்குக்கூடப் போகவில்லை. 2012-இல் வெளியான ஆய்வு இது. அங்கே புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், இந்தச் சான்றுகள் சிறியவை. ஒன்பதும் பன்னிரண்டும் பெரிய எண்ணிக்கைகள் அல்ல. 2016-இல் காக்ரேன் அமைப்பு உலகம் முழுதும் நடந்த முறையான சோதனைகளைத் தேடியபோது கிடைத்தவை நான்கே. மொத்தம் 238 பேர். உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை என்று அது முடித்துக்கொண்டது. நீரிழிவு இளைஞர்களுக்கு வழிகாட்ட ஓர் ஒருங்கிணைப்பாளரை வைத்துக் கனடாவில் நடத்திய சோதனையில், அவர் இருந்த ஒன்றரை ஆண்டு முழுக்க வருகை கூடியது. அவர் விலகியதும் அந்த ஆதாயம் நிலைக்கவில்லை. இதைக் காட்டி 'ஒருங்கிணைப்பாளரால் பலனில்லை' என்பவர்கள் உண்டு. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. இன்சுலினை நிறுத்தினால் சர்க்கரை ஏறுகிறது என்பதால் இன்சுலின் பயனற்றது என்று யாரும் சொல்வதில்லையே. இருக்கும்வரை வேலை செய்த ஒன்று இல்லாமல் போனதும் நின்றுவிட்டது என்றால், அது தொடர வேண்டிய வேலை என்றுதான் பொருள். இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வுத் திட்டம் இளைஞர்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, பலனளித்ததாக மூன்றைச் சுட்டியது: பெற்றோர் அளவோடு உடனிருப்பது, தன் உடல்நலத்தைத் தானே கவனிக்க முடியும் என்ற தெம்பை ஊட்டுவது, மாறுவதற்கு முன்பே புது மருத்துவரை ஒருமுறை நேரில் சந்திப்பது. மூன்றில் எதற்கும் கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம்.

அந்த முதல் அம்சம் நம் ஊரில் அடிக்கடி எழும் ஓர் ஆட்சேபத்துக்கும் பதிலாகிறது. 'நோயாளி தானே முடிவெடுப்பது வெள்ளைக்காரன் பழக்கம். நம்மிடம் குடும்பமே பார்த்துக்கொள்ளும்' என்பார்கள். குடும்பம் பார்த்துக்கொள்வது உண்மைதான், அதுதான் இந்தப் பிள்ளைகளை இதுவரை உயிரோடு வைத்திருக்கிறது. வேப்பந்தட்டையிலிருந்தோ ஆண்டிமடத்திலிருந்தோ விடிகாலையில் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையின் ஃபைலை மஞ்சள் பையில் இடுக்கிக்கொண்டு வரும் தாயை ஒதுக்கிவிட்டு எந்தத் திட்டமும் இங்கே நடக்காது. ஆனால் அந்தத் தாய் விடுதிக்கு உடன்போக முடியாது, ராத்திரி ஷிஃப்டுக்கு உடன்போக முடியாது, மாமியார் வீட்டுக்கும் உடன்போக முடியாது. வரன் பேசும்போது நோயை மறைத்துவிட்டால், புகுந்த வீட்டில் ஊசியை ஒளித்து வைத்துப் போடவோ, நிறுத்தவோ வேண்டிய நிலை அந்தப் பெண்ணுக்கு வருகிறது. குடும்பம் ஒதுங்க வேண்டியதில்லை, வேலை மாற வேண்டும். 13 வயதில் ஊசியைப் பிள்ளை போட, தாய் பார்த்துக்கொண்டிருக்கட்டும். 15 வயதில் கடைசி ஐந்து நிமிடம் மருத்துவர் பிள்ளையோடு தனியாகப் பேசட்டும். 17 வயதில் பிள்ளை பேச, தாய் விட்டதைச் சொல்லட்டும். இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தயாரிப்பை 13, 14 வயதுக்குள் தொடங்கச் சொல்கிறது. நம் மருத்துவமனைகளில் 12-இல் கோடு விழுவதால், நாம் அதைவிடவும் முன்னதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. காலை ஓ.பி. நேரத்தில் எந்த அரசு மருத்துவமனையிலாவது நின்று பார்த்தவர்களுக்கு, 'கூட்டு முகாம் வைக்க யாருக்கு நேரம்?' என்ற கேள்வி நியாயமாகவே படும். ஒரு நோயாளிக்குச் சில நிமிடம்தான். நிர்வாகமும் மூன்று தலைமையின் கீழ் பிரிந்து கிடக்கிறது: ஆரம்பச் சுகாதார நிலையம் பொதுச் சுகாதார இயக்ககத்தின் கீழ், மாவட்டத் தலைமை மருத்துவமனை ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். பெரம்பலூர்ப் பையனுக்குத் தன் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. ரயிலும் இல்லாத ஊர். தலைமை மருத்துவமனையில் 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ' என்றால் நெடுஞ்சாலையில் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போக வேண்டும். அங்கிருந்து 'மாத்திரையை ஊரிலேயே வாங்கிக்கொள்' என்று அனுப்பினால் மூன்றாவது இயக்ககம். மூவரிடமும் அவனுக்கு மூன்று நோட்டு. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியதிலிருந்து நிலைமை ஒரு படி மேல். குழந்தைகள் துறையும் பொது மருத்துவத் துறையும் ஒரே முதல்வரின் கீழ் வந்துவிட்டன. இரண்டு துறைக்காரர்களும் மாதத்தில் ஒரு பிற்பகல், ஓ.பி. கூட்டம் ஓய்ந்தபிறகு, ஓர் அறையில் சேர்ந்து உட்காரத் தனி அரசாணை வேண்டியதில்லை. பெரம்பலூர்த் தலைமை மருத்துவமனையிலும் குழந்தை மருத்துவரும் பொது மருத்துவரும் ஒரே வளாகத்தில்தான் இருக்கிறார்கள். பெருநகரில் குழந்தைகளுக்கு எழும்பூர், பெரியவர்களுக்குச் சென்ட்ரல் எதிரே என்று பிரிந்திருப்பதைப்போல இங்கே தூரம் இல்லை.

எண்ணிக்கையைப் பார்த்தால் நேரம் பற்றிய கவலை இன்னும் குறையும். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223, தமிழகத்திலேயே குறைவு. அரியலூர் 7,54,894. இரண்டும் சேர்ந்து 13 லட்சம் சொச்சம். இந்தியாவில் 20 வயதுக்கு உட்பட்டவர்களில் முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 2,29,000 பேர் எனப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-இல் மதிப்பிட்டது, உலகிலேயே அதிகம். அந்த விகிதத்தை அப்படியே இந்த இரு மாவட்டங்களுக்கும் பிரித்துப் போட்டால் இருநூறு பேர் சொச்சம் வருகிறது. இது தோராயம்தான், உண்மை எண்ணிக்கை கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனாலும் ஆண்டுதோறும் பள்ளியைத் தாண்டி வெளியே போகும் நீரிழிவுப் பிள்ளைகள் இருபதை ஒட்டித்தான் இருப்பார்கள். இருதயம், வலிப்பு, சிறுநீரகம் எல்லாவற்றையும் சேர்த்தால் கூடும். ஆனாலும் ஒரு நோட்டில் பெயர் எழுதி, ஒரு நர்ஸ் ஃபோன் போட்டு 'இந்த மாதம் ஏன் தம்பி வரல?' என்று கேட்கக்கூடிய எண்ணிக்கைதான். அதிக எண்ணிக்கையில் ஆட்களைப் பின்தொடர இதே அரசுக்குத் தெரியும். தமிழகத்தில் ஒரு பெண் கருவுற்றால் அவளுக்குப் பதிவெண் கொடுத்து, பரிசோதனைக்கு வராவிட்டால் செவிலியர் வீடு தேடிப் போகிறார். காசநோயாளியின் ஒவ்வொரு மாத மருந்தும் கணினியில் ஏறுகிறது. இளவயது நீரிழிவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2006 முதல் ஒரு பதிவேட்டையே நடத்திவருகிறது. அது ஆய்வுக்கானது, வராதவரைத் தேடுவதற்கானது அல்ல.

பதிவேட்டோடு இன்னொரு தாளும் வேண்டும். நோயின் பெயர், கண்டுபிடித்த ஆண்டு, செய்த அறுவை சிகிச்சை, மருந்தும் அளவும், இன்சுலின் என்றால் யு-40-ஆ யு-100-ஆ, ஒவ்வாமை, எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், அடுத்த எக்கோவோ கண் பரிசோதனையோ எப்போது: எல்லாம் ஒரே பக்கத்தில், தமிழில் ஒன்று, மருத்துவருக்காக ஆங்கிலத்தில் ஒன்று. இப்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இதெல்லாம் இருக்கிறது என்பார்கள். அவை பத்து வருடத்தில் முப்பது தாளாகச் சேர்ந்து, பாதி நனைந்து, மை அழிந்து கிடக்கின்றன. அந்த ஒரு பக்கத்தை எழுதுவது குழந்தை மருத்துவரின் வேலை. ஏனென்றால் அவருக்குத்தான் முழுக் கதையும் தெரியும். வாங்கிப் படித்து, பிள்ளையின் எதிரிலேயே சந்தேகம் கேட்பது பொது மருத்துவரின் வேலை. அதன் படத்தைத் தன் ஃபோனில் வைத்திருப்பது பிள்ளையின் வேலை. திருப்பூரிலோ சென்னையிலோ காய்ச்சலோடு அவசரப் பிரிவில் நிற்கும்போது அம்மாவுக்குப் பதில் பேசப்போவது அதுதான்.

மிச்சம் ஒரு சிக்கலை இந்த இரு மாவட்டங்களால் தனியாகத் தீர்க்க முடியாது. பிள்ளைகள் ஊரில் தங்குவதில்லை. அரியலூரில் பெயர் எழுதிய பெண் கல்யாணமாகி நாமக்கல் போய்விட்டால், மாதாந்திர இன்சுலினை எங்கே வாங்குவாள்? கர்ப்பிணியின் பதிவெண் அவள் தாய்வீட்டுக்குப் போனாலும் கூடவே போகிறது. தலைப்பிரசவத்துக்கு ஊர் மாறுவது வழக்கம் என்று தெரிந்தே அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். நாள்பட்ட நோயோடு வளர்ந்த இளைஞர்களுக்கும் அப்படி ஓர் எண்ணைத் தருவதா, எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் காட்டி மருந்து வாங்கலாம் என்று ஆக்குவதா என்பதை முடிவுசெய்ய வேண்டியது சென்னையில் இருக்கும் மூன்று இயக்ககங்களும் சேர்ந்து. அதுவரை மாவட்ட அளவில் செய்ய முடிந்தது அந்த நோட்டும், மாதம் ஒரு பிற்பகலும், அந்த ஒரு பக்கமும்.